மூடியோடு எடுத்த ஆறு படங்கள்

நம்ம பக்கத்து போட்டோக்காரப் பிள்ளைகள் போன்ல ஒரு குழு வச்சிருக்காங்க. ரிட்டயர் ஆனவதானேன்னு விடாம என்னையும் அதுல சேத்து வச்சிருக்காங்க. போன வாரம் ஒரு தம்பி, பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குப் போடுற குட்டி வைட் லென்ஸ் ஒண்ணு வாங்கிட்டேன்னு படம் போட்டிருந்தான். பாத்ததும் எனக்கு இருப்புக் கொள்ளல. "ஏலே, இதே லென்ஸ வச்சுத்தாம்லே நான் பதினஞ்சு வருசம் சோறு தின்னேன்"னு எழுதிட்டேன். அம்புட்டுத்தான்! "செல்லத்தாயக்கா, ரெவ்யூ எழுதுங்க, ரெவ்யூ எழுதுங்க"ன்னு ஆளாளுக்குப் பிடிச்சுக்கிட்டானுக. சரி, எழுதுறேன். கூர்மை எப்படி, ஓரம் எப்படின்னு கேட்டவனுக்கும் பதில் இருக்கு. ஆனா நடுவுல ஒரு கல்யாண வீடு குறுக்க வரும். அதைத் தாண்டி என்னால போக முடியாது, பொறுத்துக்கிடுங்க.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டுடியோவுல நான் சேந்தப்ப கேமராவத் தொடுற வேலையே இல்ல. நெகட்டிவ்ல பென்சில் வச்சு டச்சப் பண்ற வேலைதான். மூணு வருசம் ஊர்ல உள்ளவங்க அம்மைத் தழும்பு, பரு அம்புட்டையும் நான்தான் அழிச்சேன். கோர்ட்டு குமாஸ்தா ஒருத்தருக்கு ராசியான மச்சம்னு தெரியாம அதையும் சேத்து அழிச்சுட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

வாங்கிக் கட்டிக்கிட்டது குமாஸ்தாகிட்டத்தான், முதலாளிகிட்ட இல்ல. முதலாளி ராஜபாளையத்துக்காரரு, வீட்டுல தெலுங்கு பேசுறவரு. அவரு மனுசங்களத் திட்டுனதே கிடையாது. திட்டு பூராம் சாமான்களுக்குத்தான். "ஏன் ட்ரேயே, உன்னய யாரு கழுவாமப் போட்டது? நீயாவது எந்திரிச்சுப் போயிக் குளிச்சிருக்கக் கூடாதா?"ன்னு கேப்பாரு. நான் பக்கத்துலயே நிப்பேன், என் பக்கம் திரும்பவே மாட்டாரு. டார்க் ரூம்ல அவருக்குக் கடிகாரம் கிடையாது. "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு"ன்னு தெலுங்குல எண்ணுவாரு. கோவமா இருந்தா எண்ணிக்கை வேகமாயிரும், அன்னைக்குப் போட்ட பிரிண்ட் எல்லாம் வெளுத்துப் போயி வரும். காலையில வந்து முதல் பிரிண்ட்டப் பாத்தே முதலாளி வீட்டுல சண்டையா இல்லையான்னு நான் கண்டுபிடிச்சிருவேன்.

என் கைக்குக் கேமரா வந்ததே கல்யாண வீடுகளாலதான். ராஜபாளையத்துல முஸ்லிம் வீடுகள்ல பெண்கள் இருக்குற உள்வீட்டுக்கு ஆம்பளை போட்டோக்காரர் போக முடியாது. "பொம்பளப் பிள்ளை இருந்தா அனுப்புங்க"ன்னு கேட்டு வருவாங்க. ஒரு நாள் முதலாளி கேமராவப் பாத்து, "நாளையிலருந்து நீ இந்தப் பிள்ளைகூடப் போ. சொன்ன பேச்சக் கேளு"ன்னாரு. என் பதவி உயர்வு அப்படித்தான் வந்துச்சு.

லென்ஸ் வந்தது எண்பதுகளோட நடுவுல. முதலாளியோட கூட்டாளி ஒருத்தர் சிங்கப்பூர்லருந்து வந்தப்ப, "ஒரு மாசம் வச்சுப் பாரு. பிடிச்சா எடுத்துக்கோ, பிடிக்கலன்னா கீறல் இல்லாமத் திருப்பிக் குடு"ன்னு குடுத்துட்டுப் போனாரு. பொட்டலத்தப் பிரிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சுண்ணாம்பு டப்பா அளவுதான் இருக்கு! "முதலாளி, இதுல படம் விழுமா, இல்ல வெத்தலைக்குத் தடவணுமா?"ன்னு கேட்டேன். அவரு லென்ஸப் பாத்து, "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாத"ன்னாரு.

விழுந்துச்சுய்யா படம்! லென்ஸோட வாய் ஒண்ணு புள்ளி நாலுன்னு அகலமாத் திறக்கும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துல ஃபிளாஷ் இல்லாமலே மூஞ்சி விழுந்துரும். வைட்டா இருக்குறதால சின்ன ரூம்ல சுவரோட ஒட்டிக்கிட்டு நின்னாக்கூடப் பத்துப் பேரு உள்ள வந்துருவாங்க. முழுசாத் திறந்து எடுத்தா ஜரிகை, மூக்குத்தி மேல எல்லாம் வெளிச்சம் ஊறி நிக்கும். முதலாளி அதைப் புகைன்னாரு. வீட்டுக்காரங்க சினிமா மாதிரி இருக்குன்னாங்க. காசு குடுக்குறவங்க சொன்னதுதான் சரின்னு விட்டுட்டோம்.

ஓரம் கேட்டானே ஒருத்தன், அவனுக்குச் சொல்றேன். ஓரத்துல நிக்கிற ஆளு அகலமாயிருவாரு. முதல் கல்யாணத்துல மாப்பிள்ளையோட அத்தைய ஓரத்துல நிறுத்திட்டேன். படத்தப் பாத்துட்டு அந்தம்மா ஸ்டுடியோவுக்கே வந்து, "நான் இம்புட்டுப் பெருசாவாட்டி இருக்கேன்?"ன்னு வாசல அடைச்சுக்கிட்டு நின்னு கேட்டாங்க. பொறவு ஒரு வழி கண்டுபிடிச்சேன். குண்டானவங்கள நடுவுல, ஒல்லியானவங்கள ஓரத்துல. ஒல்லியானவங்களுக்குக் கொஞ்சம் சதை போட்ட மாதிரி ஆச்சு, அவங்களுக்கும் சந்தோசம். தொண்ணூறுகள்ல கலர் ஃபிலிம், வீடியோன்னு வந்த பொறவும் இந்த லென்ஸ நான் விடல. பால்கோவா அடுப்படியில ஆவியத் துடைச்சுத் துடைச்சு எடுத்திருக்கேன். பஞ்சு மில்லுக்குள்ள ஃபிளாஷ் கூடாதுன்னப்பவும் இதுதான் கை குடுத்துச்சு.

இன்னும் ஒண்ணு சொல்லணும், இது தெரியாட்டா அடுத்தது புரியாது. ரேஞ்ச்ஃபைண்டர்ல நாம லென்ஸ் வழியாப் பாக்குறதில்ல. பக்கத்துல தனியா ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அது வழியாத்தான் பாக்கணும். நடுவுல ஆள் ரெட்டையாத் தெரிவாங்க. லென்ஸத் திருப்பத் திருப்ப ரெண்டு உருவமும் நெருங்கி வந்து ஒண்ணாயிரும். ஒண்ணாச்சுன்னா ஃபோகஸ் சரி. லென்ஸ் என்ன பாக்குதுங்கிறது கழுவிப் பாத்தாத்தான் தெரியும்.

இப்ப கல்யாண வீட்டுக்கு வாரேன்.

லென்ஸ் இரவலா இருந்த அந்த மாசந்தான். ராஜபாளையத்துல ஒரு ராவுத்தர் வீடு. பொண்ணு மும்தாஜ். மாப்பிள்ளை செட்டியார்பட்டி, பம்பாயில வேலை. கல்யாணம் அடுத்த மாசம்னு பேசி வச்சிருந்தாங்க. அதுக்குள்ள மகளோட கல்யாணத்தக் கண்ணாரப் பாக்கணும்னு பொண்ணோட அம்மா கதீஜாம்மா மதுரைக்குப் போயிக் கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தாங்க. வந்த அன்னைக்கே பம்பாயிலருந்து தந்தி. மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம், வார வெள்ளிக்கிழமையே கல்யாணத்த முடிச்சுப் பொண்ணக் கூட்டிக்கிட்டுக் கிளம்பணுமாம். ஒரு கண்ணுல கட்டு, இன்னொரு கண்ணு ஏற்கனவே புரை மூடுனது. எதைப் பாக்கணும்னு ஆபரேஷன் பண்ணுனாங்களோ அதைப் பாக்க முடியாம, அந்தம்மா இருட்டு ரூம்ல மல்லாந்து கெடந்தாங்க.

நான் போனப்ப உள்வீட்டுல அம்பது அறுபது பொம்பளைங்க. மும்தாஜ் நடுவுல முக்காடு போட்டுத் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தா. பொண்ணு தலை நிமிரக் கூடாது, அதுதான் முறை. தாலி மாதிரி நாத்தனார் கருகமணி கட்டுறப்பக்கூட அவ நிமிரல. இருபத்தேழு படம் எடுத்தேன், அம்புட்டுலயும் முக்காடுதான் விழுந்திருக்கும். அப்பத்தான் அவ என் கையப் பிடிச்சு இழுத்து, முக்காட்டுக்குள்ளருந்தே சொன்னா.

"அக்கா, அம்மா ரூம்ல வந்து ஒரு படம் எடுங்க. அங்கதான் நான் நிமிருவேன். கட்டுப் பிரிக்கிற அன்னைக்கு அம்மா பாக்கணும். நாளைக்குக் காலையில நான் ரயிலேறிருவேன். திரும்பி வர ஒரு வருசமோ ரெண்டு வருசமோ."

"அதுக்குத்தான தாயி வந்திருக்கேன்"னேன்.

அந்த ரூம் வாசல்ல ஒரு அம்மா, போறவங்க வாறவங்க மேலெல்லாம் பன்னீர் தெளிச்சுக்கிட்டு நின்னாங்க. இரவல் லென்ஸு, பன்னீர் பட்டா என்னாகுறது? டக்குன்னு மூடியப் போட்டேன். போட்டுட்டு உள்ள போனேன்.

கட்டில் போக நாலடி இடம். ஜன்னல்ல போர்வை. கூரையில ஒரு கண்ணாடி ஓடு, அதுக்கும் சாக்குப் போட்டு மூடியிருந்தாங்க. ஃபிளாஷ்ங்கிற பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சாக்க ஒரு சாண் மட்டும் விலக்கச் சொன்னேன். அந்த வெளிச்சம் விழுற இடத்துல, கட்டில் ஓரமா மும்தாஜ் உக்காந்து முக்காட்ட எடுத்தா. அடேயப்பா, அழகுன்னா அழகு!

"இந்தா தாயி," கதீஜாம்மா குரல் குடுத்தாங்க. "எம் மக மட்டும் விழணும். நான் கட்டும் பிசுக்குமாக் கெடக்கேன். என்னய எடுத்துராத. கல்யாணப் படத்துல இந்தக் கோலம் வேணாம்."

"உங்கள எடுக்கலம்மா, சத்தியமா"ன்னேன்.

ஒண்ணு புள்ளி நாலுல திறந்து, ஷட்டர் வேகத்தப் பதினஞ்சுல வச்சு, மூச்ச விட்டுட்டு ஆறு படம் எடுத்தேன். கை ஆடல. ஃபோகஸ் பிசகல. எனக்கு நானே கை தட்டிக்கிடலாம் போல இருந்துச்சு. பிரியாணியச் சாப்பிட்டுட்டு, "சாயங்கால அஸர் தொழுகை முடிஞ்சதும் பொண்ணு கிளம்புது, இருந்து பாத்துட்டுப் போ"ன்னு சொன்னவங்ககிட்ட, "ஸ்டுடியோவுல வேலை கெடக்கு"ன்னு பெரிய மனுசி மாதிரி சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

பஸ்ல உக்காந்து, லென்ஸுக்கு மூடி போடலாம்னு பைக்குள்ள கைய விட்டேன். மூடியக் காணோம். பைய உதறுறேன், மடிய உதறுறேன், சீட்டுக்கு அடியில தேடுறேன். இரவல் லென்ஸோட மூடியத் தொலைச்சுட்டேனே, முதலாளி மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு கேமராவத் தூக்குனேன். மூடி லென்ஸ் மேலயே ஜம்முன்னு உக்காந்திருக்கு.

ஒரு நிமிசம் எனக்கு ஒண்ணும் ஓடல. பொறவு ஓடுச்சு. பன்னீர்! கேமராவோட சின்ன ஜன்னல் வழியாப் பாத்துப் பாத்து எடுத்த ஆறு படத்தையும் மூடியோட எடுத்திருக்கேன்.

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!"ன்னு அலறுனேன். மம்சாபுரம் விலக்கு பக்கம் பஸ் போயிக்கிட்டு இருக்கு. கண்டக்டர் ஓடியாந்து, "என்னக்கா, டிக்கெட்டத் தொலைச்சிட்டீகளா?"ன்னாரு.

"டிக்கெட்டு இல்ல அண்ணே, கல்யாணத்தையே தொலைச்சுட்டேன்!"

இறங்கி நின்னா எதுத்தாப்ல பஸ்ஸே வரல. பஞ்சு மூட்டை ஏத்துன டெம்போ ஒண்ணு வந்துச்சு. கைய ரெண்டையும் விரிச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னேன். டிரைவர் என் மூஞ்சியப் பாத்ததும் ஒண்ணும் கேக்கல, "ஏறுக்கா"ன்னாரு. தலையெல்லாம் பஞ்சோட நான் அந்தத் தெருவுல இறங்குறப்ப, தெரு பூராம் சனம். பொண்ணு மாப்பிள்ளை ஏறுன கார் வீட்டு வாசல்லருந்து நகந்துருச்சு!

ஓடிப்போயி காருக்கு முன்னால நின்னேன். மூச்சு வாங்குது, பேச்சு வரல. கேமராவத் தூக்கிக் காட்டி, மூடியக் காட்டி, அழுதுக்கிட்டே சொல்லிட்டேன். "அம்மா ரூம்ல எடுத்த படம் ஒண்ணுகூட விழல. மூடியோட எடுத்துட்டேன். மூணே மூணு படம் மிச்சம் இருக்கு. அஞ்சு நிமிசம் குடுங்க."

பின்சீட்டுல பொண்ணுக்குப் பக்கத்துல இருந்தது மாமியார். பளிச்சுன்னு சொல்லிட்டாங்க. "வாசலத் தாண்டி வண்டி ஏறியாச்சு. கிளம்புன பொண்ணு திரும்பப் படியேறுனா நல்லால்லம்மா."

யாரும் எதுத்துப் பேசல, அது அவங்க எல்லாருக்கும் உள்ள முறைதான். மும்தாஜ் குனிஞ்ச தலை குனிஞ்சபடியே மெதுவாக் கேட்டா, "மாமி, அம்மா கண்ணு முழிச்சா என்னத்தப் பாப்பாக?"

மாமியார் வாசப்படியத் திரும்பிப் பாத்தாங்க. பொறவு டிரைவரக் கூப்பிட்டாங்க. "ஏம்ப்பா, வண்டி எம்புட்டுத் தூரம் நகந்துச்சு?"

"பத்தடி இருக்கும்மா."

"அந்தப் பத்தடியையும் ரிவர்ஸ் எடு."

டிரைவர் முழிச்சாரு. "எடுப்பா! வாசலுக்கே போயிட்டா கிளம்பலன்னுதான அர்த்தம். இனிமேத்தான் கிளம்பப் போறோம்"னாங்க அந்தம்மா. ஐயோ, தெருவுல எழும்புன சிரிப்பு! "வா, வா, ஒடிச்சு வா, இன்னும் வா"ன்னு அம்புட்டுப் பேரும் சத்தம் போட, கார் பின்னாலயே வந்து வாசப்படிகிட்ட நின்னுச்சு. முன்சீட்டுல மாப்பிள்ளை மாலையோட நேராப் பாத்து உக்காந்திருந்தவரு, அப்படியே குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு.

நாங்க உள்ள போறதுக்கு முந்தியே சேதி கட்டிலுக்குப் போயிருச்சு. கதீஜாம்மா வயித்தப் பிடிச்சுக்கிட்டு, "காரு பின்னால வந்துச்சாக்கும்? ஏட்டி, மூடியோடவா எடுத்த? சிரிக்க வைக்காதீக, தையல் பிரிஞ்சிரும்"னு சொல்லிச் சொல்லிச் சிரிக்காங்க. மும்தாஜுக்கும் அடக்க முடியல. நான் மூடி எங்க இருக்குங்கிறது ஒண்ணத்தான் பாத்துக்கிட்டேன். மூடி என் வாய்க்குள்ள இருந்துச்சு, பல்லால கடிச்சுப் பிடிச்சிருந்தேன்.

சாக்க விலக்கியாச்சு. மும்தாஜ் உக்காந்து முக்காட்ட எடுத்தா. அம்மாவோட கை தடவித் தடவி வந்து, முதல்ல கருகமணியத் தொட்டுச்சு, ஒவ்வொரு மணியா உருட்டிப் பாத்துச்சு, பொறவு மேல ஏறிக் கன்னத்துல நின்னுச்சு. அந்த இருட்டுல எதை வச்சு ஃபோகஸ் பண்றது? அவ மூக்குத்தி ரெண்டா மின்னுச்சு. லென்ஸுக்கு அடியில விரல் வைக்க ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதை மயிரிழை மயிரிழையாத் தள்ளுனேன். ரெண்டு மூக்குத்தியும் ஒண்ணாச்சு. முதுகக் கதவுல குடுத்து, முழங்கைய வயித்துல ஊண்டிக்கிட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு. முடிஞ்சுது.

வெளிய ஹாரன் சத்தம். அதுக்குப் பொறவுதான் ரெண்டு பேரும் அழ ஆரம்பிச்சாங்க. "கட்டுல தண்ணி படக்கூடாது, படக்கூடாது"ன்னு சுத்தி நின்னவங்க சத்தம் போட்டுப் பிரிச்சு விட்டாங்க. மகள் போன பொறவும் அந்தம்மா விசும்பிக்கிட்டே கெடந்தாங்க. நான் சத்தமில்லாம வெளிய வந்துட்டேன்.

முதலாளிகிட்ட எல்லாத்தையும் ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டேன். அவரே ஃபிலிமக் கழுவுனாரு. வெளிச்சம் பத்தாதுன்னு மருந்துல கூடுதல் நேரம் வச்சு, "ஒகட்டி, ரெண்டு"ன்னு நிதானமா எண்ணுனாரு, அந்த எண்ணிக்கையக் கேட்டதும்தான் எனக்கு உசுரு வந்துச்சு. நனைஞ்ச ஃபிலிமத் தூக்கிப் பிடிச்சாரு. ஆறு கட்டம் கண்ணாடியா, ஒண்ணுமே இல்லாம. மூடியக் கையில எடுத்து, "உனக்கு வேலையில சிரத்தை ஜாஸ்தி"ன்னாரு. அதோட விட்டுட்டாரு.

மிச்சம் மூணுல, முதல் படம் ஆடிருச்சு. ரெண்டாவதுல மும்தாஜ் கண்ண மூடிட்டா. மூணாவது அம்சமா விழுந்திருந்துச்சு. பிரிண்ட் போட்டுப் பாத்தப்பத்தான் சங்கதி தெரிஞ்சுச்சு. வைட் லென்ஸு, நாலடி ரூமு, கதவுக்கும் பின்னால போக இடமில்ல. கதீஜாம்மா பாதிப் படத்த அடைச்சுக்கிட்டு விழுந்திருக்காங்க! கண்ணுல கட்டு, வாய் முழுக்கச் சிரிப்பு. ஓரத்துல இருந்ததால அந்தச் சிரிப்பு இன்னும் அகலமாயிருந்துச்சு.

"எடுக்கலன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் முதலாளி"ன்னேன். பேப்பர வச்சு மறைச்சு மறைச்சுப் பாத்தோம். அம்மாவ வெட்டுனா, மகள் கன்னத்துல ஒத்தக் கை மட்டும் அந்தரத்துல நிக்குது. பேய்ப் படம் மாதிரி இருந்துச்சு. கைய வெட்டணும்னா மகளோட கன்னத்தையும் வெட்டணும். முதலாளி லென்ஸத் துடைச்சுக்கிட்டே, "நீ பாத்தத நீ குடுத்துட்ட. இனிமே நீ சிங்கப்பூருக்குத் திரும்பிப் போக வேணாம்"னு அதுகிட்டச் சொன்னாரு. முழுப் படத்தையும் கவர்ல போட்டு என் கையில குடுத்துட்டாரு.

கட்டுப் பிரிச்ச மறுநாள் போனேன். தடிச்ச கண்ணாடி போட்டுக்கிட்டு கதீஜாம்மா உக்காந்திருந்தாங்க. சத்தியத்த மீறுனவ வாசல்லயே நின்னேன். படத்த வாங்கி, கிட்ட வச்சு, தள்ளி வச்சு, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாத்தாங்க. விரல் முதல்ல மகள் மூஞ்சிக்குப் போச்சு. "மூக்குத்தி போட்டிருக்கா. கருகமணி நல்லா எடுத்திருக்கு. சிரிக்கா பாரு, சிறுக்கி." விரல் கன்னத்துல இருந்த கையப் பிடிச்சுக்கிட்டே ஓரத்துக்கு வந்துச்சு. அங்க வந்து நின்னுருச்சு.

"மன்னிச்சுக்கோங்கம்மா. உங்கள வெட்ட முடியல"ன்னேன்.

அவங்க காதுல அது விழல. அந்தச் சிரிப்பையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"நான் அழுதுக்கிட்டே அவள அனுப்பி வச்சேன்னுல்ல இத்தன நாளும் நெனச்சுக் கெடந்தேன்"னாங்க. படத்த என் கையில திருப்பிக் குடுத்தாங்க. "இத இன்னொண்ணு போடு தாயி, பம்பாய்க்கு அனுப்பணும். அவளும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருப்பா."